முக்கூட்டு ஊசியும் மூன்று கொம்பனிகளும்: வழக்கு வந்தால் மருந்து ஓடிவிடுமா?

மருந்துக் கொம்பனிகள் மீது வழக்குப் போடத் தொடங்கினால் தடுப்பூசியே கிடைக்காமல் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கொம்பனிகளின் இலாப ஆசைதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், நாலு பேரைக் கூண்டில் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்கு எதிர்ப்பேச்சும் இருக்கிறது. 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட சொட்டு மருந்தால் பலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு பேராதனையில் ஊசி ஏற்றியதும் 21 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு இந்த இரண்டு பேச்சும் கொழும்பில் பஸ்ஸிலும் கந்தோரிலும் கல்யாண வீட்டிலும் கேட்கத் தொடங்கிவிட்டது.

முதல் கட்சிக்காரர் கட்டாயம் எடுத்துவிடுகிற உதாரணம் 1980களின் அமெரிக்கா. சரி, அந்தக் கதையையே முழுதாக எடுத்துப் பார்ப்போம். அப்புறம் அதே குடும்பத்து ஊசி 2008இல் நம் நாட்டில் சிக்கலில் மாட்டியபோது என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைப்போம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வழக்குகள் விநியோகத்தைக் கெடுத்தது உண்மைதான், ஆனால் அது எந்த வழியாகக் கெடுத்தது என்று பார்த்தால், 'வழக்குப் போடாதே' என்று நமக்குப் புத்தி சொல்ல அந்தக் கதையில் இடமே இல்லை.

அமெரிக்கா, 1982 முதல்

முக்கூட்டு ஊசி என்பது தொண்டைக்கரப்பன், குக்கல் என்கிற கக்குவான் இருமல், ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. அந்தக் காலத்து ஊசியில் குக்கல் கிருமியை முழுதாகக் கொன்று அப்படியே போட்டிருப்பார்கள். அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும், சில பிள்ளைகள் மணிக்கணக்காக அழும், அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சண்டை வந்தது அதற்கு மேலே போய், இந்த ஊசி பிள்ளையின் மூளையை நிரந்தரமாகக் கெடுக்குமா என்ற கேள்வியில். 1970களிலேயே பிரித்தானியாவில் இந்தப் பயம் கிளம்பி, ஊசி போடுகிற பிள்ளைகளின் விகிதம் பாதிக்கும் கீழே போனது. ஜப்பானில் 1975இல் இரண்டு குழந்தைகள் இறந்ததும் ஊசியைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 1979இல் அங்கே 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் குக்கல் வந்து 41 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் தீ பிடித்தது 1982 ஏப்ரலில், வாஷிங்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையம் இந்த ஊசியைப் பற்றி ஒளிபரப்பிய ஒரு மணி நேர நிகழ்ச்சியால். மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் காட்டி, இதற்குக் காரணம் ஊசி என்று சொன்னால் எந்தப் பெற்றோருக்கு நெஞ்சு பதறாது? 1978க்கும் 1981க்கும் இடையில் முக்கூட்டு ஊசி செய்கிறவர்கள் மீது போடப்பட்ட வழக்குகள் மொத்தமே ஒன்பது. 1980களின் நடுவில் அது ஆண்டுக்கு இருநூறைத் தாண்டியது. உள்நாட்டில் அந்த ஊசியைச் செய்த கொம்பனிகள் மூன்று, அதில் இரண்டு கையைக் கழுவிவிட்டன. மிஞ்சிய லெடர்லே, தன் தலையில் விழக்கூடிய நட்டஈடு ஆண்டு விற்பனையைப்போல 200 மடங்கு என்று கணக்குச் சொன்னது. தசாப்தத்தின் தொடக்கத்தில் சதக் கணக்கில் அரசுக்குக் கிடைத்த ஒரு டோஸ், 1986 ஆகும்போது பட்டியல் விலையில் 11 டொலரைத் தாண்டியது, அதில் ஏறக்குறைய 8 டொலர் வழக்குகளுக்கென்று ஒதுக்கி வைத்த பணம். ஊசியின் விலையைவிட ஊசிக்கான வக்கீல் விலை கூட.

இதுவரைக்கும் முதல் கட்சிக்காரர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. நாடு முழுக்க ஊசித் தட்டுப்பாடு வந்தது 1984இல், வந்த காரணம் லெடர்லேயின் உற்பத்தியில் ஏற்பட்ட பிரச்சினை. ஒரு தொழிற்சாலையில் ஏதோ பிழைத்துப்போனது, அவ்வளவுதான். மூன்று பேர் செய்துகொண்டிருந்த காலத்தில் இது ஒரு செய்தியாகவே இருந்திருக்காது, மற்ற இரண்டு பேரும் கொஞ்சம் கூடச் செய்து சமாளித்திருப்பார்கள். ஒருவர் மட்டும் நின்றபோது, ஒன்றரை வயதிலும் பள்ளிக்கூடம் சேர முதலும் போடவேண்டிய ஊசிகளைத் தள்ளிப்போடுங்கள், கைக்குழந்தைகளுக்கு முதலில் கொடுங்கள் என்று அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. வழக்குகள் செய்த வேலை விற்கிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது அந்தக் குறைந்த எண்ணிக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

வழக்குப் போட்டவர்கள் சொன்னது உண்மையா? பெரும்பாலும் இல்லை என்றுதான் இன்று தெரிகிறது. 1988இல் இலண்டனில் ஒரு நீதிபதி மாதக்கணக்காக நிபுணர்களைக் கேட்டு, இந்த ஊசி நிரந்தர மூளைப் பாதிப்பைக் கொண்டுவரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு எழுதினார். 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஊசியால் மூளை கெட்டது என்று சொல்லப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தபோது 11 பேரிடம் ஒரே மரபணுவில் கோளாறு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு எப்படியும் வரவே இருந்தது, ஊசியால் வந்த காய்ச்சல் அதை ஒரு நாளைக்குக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெற்றோரைப் பேராசைக்காரர் என்று முடிக்கிற ஆட்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் மாறாத மூளைப் பாதிப்போடு ஒரு பிள்ளையை வளர்ப்பது என்றால் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் குடும்பமே காசு தேட வேண்டும். எல்லாருக்கும் இலவசமான அரச வைத்தியசாலை என்ற ஏற்பாடு அங்கே இல்லை. யாரையாவது குற்றவாளியாக்கினால் மட்டுமே பணம் வரும் என்று ஒரு நாடு ஏற்பாடு செய்து வைத்திருந்தால், பெற்றோர் குற்றவாளியைத் தேடத்தான் செய்வார்கள். நம் ஊரில் பிள்ளைக்கு வலிப்பென்றால் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், கட்டில் கட்டணம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்க வழக்கு வெள்ளத்துக்கும் நம் ஊர் அமைதிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு இதற்கு உண்டு என்று நினைக்கிறேன். நமக்குப் பொறுமை அதிகம் என்பதெல்லாம் சும்மா கதை.

முடிவில் அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைப் பற்றி நம் ஆட்கள் சொல்லும்போது 'கொம்பனிகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள்' என்று பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மற்றப் பாதி முக்கியம். 1988இலிருந்து, ஊசியின் ஒவ்வொரு டோஸுக்கும் இவ்வளவு என்று வரி வாங்கி ஒரு நிதியில் போடுகிறார்கள். இன்றைக்கு அது, ஊசி தடுக்கிற நோய் ஒன்றுக்கு 75 சதம், முக்கூட்டு ஊசி என்றால் 2 டொலர் 25 சதம். பாதிக்கப்பட்டவர் முதலில் அந்த நிதியிடம் போக வேண்டும். கொம்பனி கவனயீனமாக இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. எந்த ஊசிக்குப் பிறகு, எத்தனை நாளுக்குள், என்ன வந்தால் நட்டஈடு என்று ஓர் அட்டவணை இருக்கிறது, அதற்குள் வந்தால் சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவருக்கு. நியாயமான காரணத்தோடு வந்து தோற்றவருக்கும் சட்டத்தரணி செலவை நிதியே கொடுக்கிறது. இதுவரை கொடுத்த தொகை 5,000 மில்லியன் டொலருக்கும் மேல். கதவை ஒரு பக்கம் சாத்தினார்கள், 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாகவே சாத்தியது. ஆனால் மறுபக்கம் ஒரு கதவைத் திறந்துவிட்டுத்தான் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு தட்டுப்பாடு ஒழிந்ததா என்றால், இல்லை. 2000க்கும் 2002க்கும் இடையில் பிள்ளைகளுக்கான 11 தடுப்பூசிகளில் 8 தட்டுப்பாடாக இருந்தன. ஏற்புவலி ஊசியை ஒரு கொம்பனி வியாபாரம் கட்டாது என்று நிறுத்த, மீண்டும் ஒருவர் மட்டும். 2004இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரோன் கொம்பனியின் தொழிற்சாலையில் கிருமி கலந்தது என்று பிரித்தானிய அதிகாரிகள் அனுமதியை நிறுத்தியதும், அமெரிக்காவின் அந்த ஆண்டு இன்புளுவன்சாத் தடுப்பூசியில் ஏறக்குறையப் பாதி ஒரே நாளில் இல்லாமல் போனது. இதில் எதற்கும் வழக்குக் காரணம் இல்லை. ஊசி மலிவு, தொழிற்சாலைச் செலவு பெரிது, வாங்குகிறவர் பெரும்பாலும் அரசு, அது விலையை அழுத்துகிறது. அப்படிப்பட்ட வியாபாரத்தில் ஒவ்வொருவராக விலகுவார்கள். ஊருக்கு ஒரே ஒரு பேக்கரி என்றால் போறணை உடைகிற அன்றைக்கு எல்லாருக்கும் பாண் இல்லை.

கொழும்பு, 2008

இப்போது நம் பக்கம். 2008 ஜனவரியில் இலங்கை முக்கூட்டு ஊசியோடு ஈரல் அழற்சி பீ, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் ஒரு கிருமி) இரண்டுக்குமான ஊசியையும் சேர்த்த ஐங்கூட்டு ஊசியைக் கொண்டுவந்தது. குக்கல் பகுதி பழைய மாதிரி முழுக் கிருமிதான், அதாவது அமெரிக்கர்கள் சண்டைபிடித்த அதே வகை. மூன்று மாதத்துக்குள் நாலு குழந்தைகள் இறந்ததாக அறிக்கை வந்தது, இன்னும் 24 குழந்தைகள் ஊசிக்குப் பிறகு உடல் துவண்டு, வெளிறி, கூப்பிட்டால் அசையாமல் கிடந்ததாகவும் வந்தது. உடனே அந்த ஊசித் தொகுதியை நிறுத்தினார்கள். வேறு தொகுதியைக் கொண்டு தொடர்ந்தபோது 2009 ஏப்ரலில் இன்னொரு மரணம். இந்த முறை ஐங்கூட்டு ஊசியையே நிறுத்தினார்கள்.

நிறுத்தியதோடு பிள்ளைகள் ஊசியில்லாமல் நின்றார்களா? இல்லை. பழைய முக்கூட்டு ஊசியும் தனி ஈரல் அழற்சி ஊசியும் சந்தையில் இருந்தன, கிளினிக்குகள் மறுபடி அதற்குத் திரும்பின. உள்நாட்டு நிபுணர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் ஆராய்ந்து, மரணங்களுக்கு ஊசியைக் காரணமாகச் சொல்ல முடியாது என்ற முடிவோடு 2010இல் ஐங்கூட்டு ஊசி திரும்ப வந்தது. (அந்த மரணங்களை வகைப்படுத்திய முறை சரியில்லை என்று இந்திய மருத்துவர்கள் சிலர் பிறகு எழுதினார்கள், அது தனிச் சண்டை. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் அதே வகை ஊசியைத் தொடங்கிவிட்டன.)

இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரே ஊசி, ஒரே கொம்பனி, திரும்பிப்போக இடமில்லை, தட்டுப்பாடு. இங்கே சந்தேகம் வந்ததும் ஊசியையே நிறுத்த முடிந்தது, ஏனென்றால் திரும்பிப்போக வேறு ஊசி இருந்தது. மாற்று இருந்தால்தான் ஓர் அரசு துணிந்து 'நிறுத்து' என்று சொல்லும். கையில் ஒன்றே ஒன்று இருக்கிற அரசு சந்தேகத்தை மூடி மறைக்கத்தான் பார்க்கும்.

இன்னொன்றும் இதில் உண்டு. அந்த 24 குழந்தைகளின் விபரம் கொழும்புக்கு எப்படி வந்தது? வெள்ளவத்தைப் பக்கம் எந்த எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கும் காலையில் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். குளிர்ப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊசி போடுகிற மிஸ் பிள்ளையின் பதிவேட்டுப் புத்தகத்தில் திகதியும் தொகுதி இலக்கமும் எழுதுவார். ஊசி போட்டபின் 'இருபது நிமிஷம் இருந்திட்டுப் போங்கோ' என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லி வாங்கில் இருத்துவார். அடுத்த முறை வந்தால் முதல் கேள்வி, 'போன ஊசிக்குக் காய்ச்சல் வந்ததா, கனநேரம் அழுதவரா?' தாய் சொல்வதை அப்படியே படிவத்தில் எழுதி மேலே அனுப்புவார். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு 1996இலிருந்து இந்தக் கணக்கை எடுத்துவருகிறது. இந்த மிஸ் தன் கையால் எழுதுவது நாளைக்குத் தன் மேலேயே வழக்காக வரும் என்று பயந்தால் எழுதுவாரா? வழக்குகளால் வரக்கூடிய கேடு என்று எனக்குத் தெரிகிறது இதுதான், கொம்பனி ஓடிவிடும் என்பதைவிட இது பெரியது. எழுதுகிற கை நின்றுபோனால் கெட்ட தொகுதியைக் கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை.

சரி, அந்த ஐந்து குழந்தைகளின் குடும்பங்களுக்கு? இங்கேதான் நம் ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. ஊசியில் பிழை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே ஊசியால் பாதிக்கப்படுகிற பிள்ளை, பத்து இலட்சத்தில் ஒன்று என்றாலும், இருக்கும். கடும் ஒவ்வாமை எந்த ஊசிக்கும் வரலாம். அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டில் என்ன வழி? அமெரிக்காவில் இருக்கிற மாதிரியான நிதி இங்கே கிடையாது. நீதிமன்றம்தான்.

நீதிமன்றத்துக்குப் போனால்

நம் நட்டஈட்டுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். கவனயீனம் இருந்தது, அதனால்தான் கேடு வந்தது, அந்தக் கேட்டால் இவ்வளவு பண இழப்பு என்று மூன்றையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அரசு செயலுக்கு எதிராக அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதம்தான்.

மருத்துவக் கவனயீனம் என்றாலே எல்லாச் சட்டத்தரணியும் சொல்கிற வழக்கு பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு. 1992இல் கொழும்பில் ஒரு சிறு பெண்பிள்ளைக்கு நடை தள்ளாடியது, கை கால் ஒழுங்காக இயங்கவில்லை. நாட்டின் முன்னணிக் குழந்தை மருத்துவர் அதை வேறு நோய் என்று கணித்தார். உண்மையில் மூளைத்தண்டில் கட்டி. பிள்ளை இறந்தது. தகப்பன் வழக்குப் போட, மாவட்ட நீதிமன்றம் 5 மில்லியன் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாக்கியது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் இல்லாமல் செய்தது. கவனயீனம் இருந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. சட்டப்படி பார்த்தால் தீர்ப்பில் பிழை சொல்வது கஷ்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தகப்பன் சட்டம் தெரிந்தவர், ஏறக்குறைய ஒன்பது ஆண்டு போராடினார், கவனயீனம் என்று தீர்ப்பும் வாங்கினார், கையில் கிடைத்தது பூச்சியம். கொட்டாஞ்சேனையில் கூலி வேலை செய்கிற ஒருவர் ஊசிக்கொம்பனி மீது வழக்குப் போட்டு வெல்வார் என்று யாராவது நினைக்க முடியுமா?

ஆகவே, வழக்குப் பயத்தால் மருந்து வராமல் போகும் என்ற வாதத்தைச் சோதிக்க இலங்கை நல்ல இடம். வழக்குப் பயம் இங்கே கிட்டத்தட்ட இல்லை. முதல் கட்சிக்காரர் சொல்வது சரியென்றால் நம் பாமசிகளில் மருந்து குவிந்து கிடக்க வேண்டும்.

2022இல் குவிந்து கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். வெள்ளவத்தையில் காலி வீதிப் பாமசி ஒன்றில் நடந்த பேச்சு இது. 'அம்மா, காட் முழுக்கத் தர ஏலாது. பத்துக் குளிசை கொண்டு போங்கோ, அடுத்த கிழமை வந்தா பாப்பம்.' அந்த அம்மா குளிசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'தம்பி, இது எனக்கு ஒத்துவாற கொம்பனி இல்லையே.' 'அந்தக் கொம்பனி இப்ப வாறதே இல்லை அம்மா.' கத்தரிக்கோலால் குளிசைக் காட்டைப் பாதியாக வெட்டி, மற்றப் பாதியை அடுத்து நிற்கிறவருக்கு எடுத்து வைத்தார். வங்கியில் டொலர் இல்லை, இறக்குமதிக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதமான எல்.சி. திறக்க முடியவில்லை, ரூபாயின் மதிப்பு பாதியாகப் போக, கட்டுப்பாட்டு விலைக்கு இறக்குமதி செய்தால் நட்டம். அரசு மார்ச்சில் மருந்து விலையை 29 வீதம் கூட்ட விட்டது, ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளுக்கு மேலும் 40 வீதம். அதற்குள் இறக்குமதியாளர் பலர் சில மருந்துகளைக் கொண்டுவருவதையே விட்டிருந்தார்கள். இரண்டு கோடிச் சொச்சம் பேர் உள்ள சந்தை பெரிய கொம்பனிக்கு ஒரு மாநிலத்தளவுகூட இல்லை, போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இலாபம் பற்றி

இலாபம் கெட்டது என்ற இரண்டாவது கட்சிக்கு நம் வரலாற்றில் நல்ல சாட்சி உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் காலம். இடதுசாரித் தலைவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையை வைத்து 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. சந்தையில் கிடந்த இரண்டாயிரத்துச் சொச்சம் மருந்துகளை அறுநூறளவாகக் குறைத்து, உலகம் முழுக்கக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினார்கள், விலை விழுந்தது. 1974இல் கொலரா வந்தபோது, கூட்டுத்தாபனம் இன்னொரு கொம்பனியிடம் மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் கப்சியூல் செய்து தரும்படி இங்கே தொழிற்சாலை வைத்திருந்த பைசரிடம் கேட்டார்கள். பைசர் மறுத்தது. தொழிற்சாலையை அரசு எடுத்துவிடும் என்ற பேச்சு வந்ததும் அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடமே போனார். கடைசியில் கப்சியூலை அதிக விலைக்கு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் இறக்கினார்கள். இலாபம் உயிரைப் பார்க்காது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் நம்மிடம் இல்லை.

ஆனாலும் பிபிலே செய்தது இலாபத்தை ஒழித்தது இல்லை. பல கொம்பனிகளை ஒரே மேசையில் போட்டிபோட வைத்தார். அவர் பலம் அதுதான், வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் பலர். பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். 2015இன் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கியபோது, அவசரத்துக்குப் பதிவில்லாத மருந்தைக் கொண்டுவர 109ஆம் பிரிவில் ஒரு வழி வைத்தது. நெருக்கடிக் காலத்தில் அந்தச் சின்ன வழி நெடுஞ்சாலையானது. 2023இல் அந்த வழியாக வந்த இமியூனோகுளோபியூலின் என்ற நோயெதிர்ப்பு மருந்துக் குப்பிகள், மொத்தம் 22,500, தரமற்றவை என்று வெளிவந்து, முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதாகும் அளவுக்குப் போனது. தட்டுப்பாடு வந்தால் போட்டி போகும், போட்டி போனால் யார் எதை விற்றாலும் வாங்கவேண்டி வரும்.

அதே 2023இல் ஒரு வழக்குத்தான் நம் பக்கம் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவில்லாத இரண்டு இந்தியக் கொம்பனிகளிடம் கேள்விப்பத்திரம் இல்லாமல் மருந்து வாங்க அமைச்சரவை எடுத்த முடிவுக்கு எதிராக ஊழலுக்கு எதிரான அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்கா உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கு விநியோகத்தைக் கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதை எந்தப் பெட்டியில் போடுவார்கள்?

கோவிட் காலத்துக் குறிப்பு ஒன்று

2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா தந்த 5 இலட்சம் கோவிஷீல்ட் டோஸ் கட்டுநாயக்காவில் இறங்கியது. மார்ச்சில், உலக நாடுகளுக்கு ஊசி பகிர்ந்தளித்த சர்வதேசத் திட்டமான கோவெக்ஸ் வழியாக 2,64,000 வந்தது. பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்த, முதல் ஊசி போட்ட சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்கு ஜூலை முடிவு வரை, ஜப்பான் தந்த டோஸ் வரும்வரை, காத்திருந்தார்கள். மறுபடியும் ஒரே தொழிற்சாலைக் கதைதான், அதை இழுக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது நட்டஈட்டுப் பக்கம். கோவெக்ஸில் ஊசி பெற்ற நாடுகள், வழக்கு வந்தால் கொம்பனிக்குப் பதிலாகத் தாங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, நம் நாடு உட்பட 92 நாடுகளுக்கு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் பிழையை நிரூபிக்காமலே பணம் கேட்கிற ஒரு திட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு டோஸிலும் சிறு தொகை சேர்த்து உருவான நிதி அது. அப்படி ஒன்று இருந்ததே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதிலும் அது கோவெக்ஸ் வழி வந்த ஊசிக்கு மட்டும். நம்மில் பெரும்பாலானோர் போட்டது அரசு நேரே வாங்கிய சைனோபாம். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசிக்கு நிதி இருந்தது, நீங்கள் போட்டதுக்கு இல்லை, இரண்டையும் போட்டது ஒரே மண்டபத்தில், ஒரே வரிசையில்.

அப்படியென்றால்

அமெரிக்காவைப் பார்த்து வழக்குக் கதவை மூடு என்கிறவர்களுக்கு என் பதில், நம் கதவு எப்போதோ மூடித்தான் கிடக்கிறது, அவர்கள் திறந்த மற்றக் கதவைத்தான் நாம் திறக்கவில்லை. கணக்குப் போட்டால் பெரிய பணமும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் இரண்டு இலட்சம் பிறப்பு, ஒரு பிள்ளைக்குப் பத்து ஊசி, ஊசிக்கு 50 ரூபா என்று திறைசேரி ஒதுக்கினால் 100 மில்லியன் ரூபா. உண்மையில் கொடுக்கவேண்டி வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும். இது கொம்பனியையும் விரட்டாது, கிளினிக் மிஸ்ஸின் பேனாவையும் நிறுத்தாது.

சண்டை வரப்போவது யார் தீர்மானிப்பது என்பதில். ஊசியை வாங்குவது சுகாதார அமைச்சு, போடுவது அது, மரணம் வந்தால் விசாரிப்பதும் அது, பணம் கொடுப்பதா இல்லையா என்று தீர்ப்பதும் அதுவே என்றால் எந்தப் பெற்றோரும் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் சுகாதாரத் திணைக்களம் எதிராளியாக நிற்கும், தீர்ப்பது நீதிமன்றத்தின் தனி அதிகாரிகள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் போனவர் துரையின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையில் நடந்தது என்று காட்டினால் போதும், எந்த உறுப்புக்கு எத்தனை வீதம் என்று அட்டவணை இருக்கிறது, தீர்ப்பதற்கு ஓர் ஆணையாளர் கொழும்பிலேயே இருக்கிறார். முதலாளியின் ஆள் இல்லை அவர். தடுப்பூசிக்கென்று ஓர் அட்டவணையும் அவரைப் போன்ற ஓர் ஆணையாளரும் வேண்டும் என்று கேட்பதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படாது, அந்தச் சட்டத்தில் இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்த்து எழுதத் தெரிந்த ஒரு சட்டவரைஞர் போதும்.